விளக்கு எரிகிறது, சாக்கெட்டில் மட்டும் மின்சாரம் இல்லை: எங்கே தேடுவது?

அடுக்களையில் மிக்ஸி ஓடவில்லை. தலைக்கு மேலே விளக்கும் மின்விசிறியும் வழக்கம்போல இயங்குகின்றன. இப்படி ஒரு நிலை வந்தால் நம் வீடுகளில் முதலில் நடப்பது, சுவிட்சை நான்கைந்து முறை தட்டிப் பார்ப்பது. அடுத்தது, பிளக்கைப் பிடுங்கி இன்னும் அழுத்திச் செருகுவது. அதற்கும் அசையாவிட்டால் எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டு, “பிளக்குல கரண்டு வரல அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பது. ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், வீட்டில் இருப்பவரே தெரிந்துகொள்ளக்கூடிய செய்திகள் இதற்கிடையில் நிறைய இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்வதற்கு மின்சாரம் எந்த வழியாகச் சாக்கெட்டுக்கு வருகிறது, எந்த வழியாகத் திரும்புகிறது என்ற ஒரு விஷயம் பிடிபட்டால் போதும்.

ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, தெருவில் மின்சாரம் இருக்கிறதா என்பதுதான். விளக்கு எரியும்போது இது வேண்டாத கேள்வியாகத் தோன்றும். இன்று பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி டவுனிலும் இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகள் பல. அவற்றில் விளக்கும் மின்விசிறியும் இன்வெர்ட்டர் வழியாக இயங்க, மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் ஆகியவற்றுக்கான சாக்கெட்டுகள் அதில் சேராமல் நேர் இணைப்பில் இருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் மின்சாரத்தை நிறுத்தினால், வீட்டுக்குள் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது; பத்து மணிக்கு மாவரைக்கப் போகும்போது சாக்கெட் மட்டும் செத்துக் கிடப்பதாகத் தோன்றும். மேற்கே பாபநாசத்தில் 1944 முதல் அருவித் தண்ணீரிலும், தெற்கே கூடங்குளத்தில் 2013 முதல் அணு உலையிலும், பணகுடிப் பக்கம் காற்றிலும் மின்சாரம் எடுக்கிற சீமையில் இருந்துகொண்டு மின்தடையைக் கணக்கில் எடுக்காமல் இருப்பது இயல்புதான் என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். எப்படியானாலும் முதலில் இன்வெர்ட்டரின் முகப்பைப் பாருங்கள். அது பேட்டரியில் ஓடுகிறதென்று காட்டினால், உங்கள் வீட்டு வயரிங்கில் தேடுவதற்கு எதுவும் இல்லாமலும் போகலாம்.

தெருவில் மின்சாரம் இருந்தால், பழுது வீட்டுக்குள் இருக்கிறது. இனி அந்த வழியைப் பார்க்கலாம். கம்பத்திலிருந்து சர்வீஸ் வயர் மீட்டருக்கு வருகிறது. மீட்டரிலிருந்து மெயின் சுவிட்சுக்கு. அங்கிருந்து, இருக்கும் வீடுகளில், ஆர்.சி.சி.பி. என்ற கசிவுப் பாதுகாப்புக் கருவிக்கு, அதிலிருந்து எம்.சி.பி. என்ற தானாக விழும் சுவிட்சுகள் வரிசையாக நிற்கும் டி.பி. பெட்டிக்கு. அந்தப் பெட்டியில்தான் வீடு பல கிளைகளாகப் பிரிகிறது: விளக்குகளுக்கு ஒன்று, சாக்கெட்டுகளுக்கு ஒன்று, வெந்நீர் ஹீட்டருக்குத் தனியே ஒன்று, மோட்டாருக்குத் தனியே ஒன்று. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே சாக்கெட் மட்டும் நின்றுபோவதற்கு இந்தப் பிரிவுதான் காரணம். ஒரு கிளைக்குள்ளும் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பெட்டியிலிருந்து தனி வயர் இழுப்பது வழக்கமில்லை. தார்சாவில், அதாவது வீட்டின் முன்கட்டில், இருக்கும் போர்டுக்கு வந்த வயர் அங்கே தொட்டுக்கொண்டு பட்டாசாலை என்ற உள்கூடத்தின் போர்டுக்குப் போகிறது. அங்கிருந்து அடுக்களைக்குப் போகிறது. எலக்ட்ரீசியன்கள் இதை லூப் எடுப்பது என்பார்கள்.

பாளையங்கால்வாயில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்து சேராதபோது விவசாயி நேராக அணைக்கட்டுக்கு ஓடுவதில்லை. தன் வயலுக்கு மேலே இருக்கும் மடையைப் பார்க்கிறார், அதற்கு மேலே இருப்பதைப் பார்க்கிறார். எந்த மடை வரைக்கும் தண்ணீர் நிற்கிறது, எந்த மடையிலிருந்து இல்லை என்று தெரிந்துவிட்டால், அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அடைப்பு. சாக்கெட்டுக்கும் இதே முறைதான். ஒரே ஒரு சாக்கெட் வேலை செய்யவில்லையா, அந்தப் போர்டு முழுவதுமா, அந்தக் கிளை முழுவதுமா, வீடு முழுவதுமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனால், எல்லை எங்கே விழுகிறதோ அங்கே பழுது இருக்கும். இதைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. நன்றாக எரிவதென்று உறுதியாகத் தெரிந்த ஒரு மேசை விளக்கை எடுத்துக்கொண்டு சாக்கெட் சாக்கெட்டாகச் செருகிப் பார்த்தாலே போதும். பழுது மிக்ஸியிலா சாக்கெட்டிலா என்ற சந்தேகமும் அத்துடன் தீர்ந்துவிடும். பலர் இந்த அரை நிமிட வேலையைச் செய்யாமல், எலக்ட்ரீசியன் வந்து போர்டைக் கழற்றிய பிறகுதான் மிக்ஸியின் வயர் அறுந்திருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

கிளை முழுவதும் போயிருந்தால் டி.பி. பெட்டிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு எம்.சி.பி.யின் கைப்பிடி மற்றவற்றைப் போல மேலே நிற்காமல் கீழே விழுந்திருக்கும். சில வகைகளில் நடுவிலேயே நிற்பதால் பார்த்தவுடன் தெரியாது. அதை அப்படியே மேலே தள்ளினால் சில வேளைகளில் நிற்காது. முதலில் நன்றாகக் கீழே அழுத்திவிட்டு, பிறகு மேலே ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன்பு அந்தக் கிளையில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவது நல்லது. ஏற்றிய கணத்திலேயே படக்கென்று விழுந்தால், மின்சாரம் வரும் பேஸ் வயரும் அது திரும்பும் நியூட்ரல் வயரும் எங்கோ நேராகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன, அதாவது ஷார்ட். ஏற்றியபின் நன்றாக இருந்து, சாமான்களை ஓடவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து விழுந்தால், அது தாங்கும் அளவுக்கு மேல் லோடு எடுக்கிறீர்கள் என்று பொருள். எம்.சி.பி.க்குள் இந்த இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு இருக்கிறது: ஷார்ட் ஆகும்போது பாயும் பெருமின்னோட்டத்தை ஒரு காந்தச் சுருள் கணத்தில் துண்டிக்கிறது; மிதமான அதிக லோடை, சூடேறி வளையும் ஈருலோகத் தகடு ஒன்று மெதுவாகத் துண்டிக்கிறது. அந்தத் தகடு ஆறுவதற்குள் அவசரப்பட்டு ஏற்றினால் கைப்பிடி நிற்க மறுப்பதும் உண்டு. இரண்டு முறைக்கு மேல் ஏற்றிப் பார்ப்பது சரியல்ல. விழுவது அதன் வேலை, பழுது வேறெங்கோ இருக்கிறது.

லோடுக் கணக்கு எளிதானது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சிறிய சாக்கெட்டின் அளவு 6 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 1380 வாட். பெரிய பவர் பிளக் 16 ஆம்பியர், அதாவது 3680 வாட். 1000 வாட் அயர்ன் பாக்ஸைச் சிறிய சாக்கெட் தாங்கும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை ஒரு கன்வெர்ட்டர் பிளக்கின் துணையோடு சிறிய சாக்கெட்டில் செருகினால், எம்.சி.பி. விழாவிட்டாலும் சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளை இதழ்கள் சூடேறித் தளர்ந்து, பிளாஸ்டிக் பழுப்பேறத் தொடங்கும். பிளக்கைப் பிடுங்கியவுடன் அதன் ஊசிகள் கறுத்திருக்கின்றனவா என்று பார்ப்பதும், போர்டை முகர்ந்து பார்ப்பதும் இதனால்தான் பயனுள்ள சோதனைகள். கருகிய வாடை அடித்தால் அந்தச் சாக்கெட்டை மாற்றும்வரை பயன்படுத்தக் கூடாது.

பழைய வளவு வீடுகளில் எம்.சி.பி.க்குப் பதிலாகப் பீங்கான் பியூஸ் கட்டைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே மெயினை அணைத்துவிட்டுக் கட்டையை உருவிப் பார்த்தால் கம்பி அறுந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அறுந்த கம்பிக்குப் பதிலாகக் கையில் கிடைத்த செம்புக் கம்பியை நான்காக முறுக்கிப் போடுகிற பழக்கத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லலாம்: அதற்குப் பிறகு அறுவது பியூஸாக இருக்காது, சுவருக்குள் ஓடும் வயராக இருக்கும்.

விழுந்தது எம்.சி.பி. இல்லை, ஆர்.சி.சி.பி. என்றால் கதை வேறு. வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று மட்டுமே அது பார்க்கிறது. வீடுகளில் வைப்பது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது; அந்த அளவுக்கு மின்சாரம் வழி தவறித் தரைக்கோ ஓர் ஆளின் உடம்புக்கோ கசிந்தால் துண்டித்துவிடும். கண்டுபிடிக்கும் முறை: எல்லா எம்.சி.பி.களையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, பிறகு எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தக் கிளையில் கசிவு இருக்கிறது. அதில் உள்ள சாமான்களைச் சுவிட்சில் அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். ஏனென்றால் சுவிட்ச் பேஸை மட்டுமே துண்டிக்கிறது, நியூட்ரல் துண்டிக்கப்படாமல் சாமானுக்குள் தொடர்கிறது, அந்த வழியாகவும் கசிவு நடக்கும். பெரும்பாலும் வெந்நீர் ஹீட்டரோ, நனைந்த கிரைண்டரோ, மழைச்சாரல் படும் வெளிச்சுவர் சாக்கெட்டோ பிடிபடும்.

இனி உள்ளதில் குழப்பமான நிலை. எம்.சி.பி. எதுவும் விழவில்லை, சாக்கெட்டில் டெஸ்டரை வைத்தால் அதன் சிறு நியான் விளக்கு நன்றாக எரிகிறது, ஆனால் எந்தச் சாமானும் ஓடவில்லை. “டெஸ்டர் எரியுது, அப்புறம் ஏன் ஓடல?” என்ற கேள்வியில்தான் புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லாரும் சிக்கிக்கொள்கிறார்கள்.

கால்வாய் உவமை பாதி தூரம்தான் வரும் என்பது இங்கே தெரிகிறது. வயலுக்கு வந்த தண்ணீர் அங்கேயே நின்றுவிடலாம். அது அணைக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. மின்சாரம் அப்படியல்ல. பேஸ் வயர் வழியாக வந்து, சாமானுக்குள் புகுந்து, நியூட்ரல் வயர் வழியாகத் திரும்பிப் போக இடம் இருந்தால்தான் அது ஓடவே ஓடும். திரும்பும் வழி அடைபட்டால் வரும் வழியிலும் ஓட்டம் நின்றுவிடும். ஆனால் நின்றுவிட்ட பேஸ் வயரிலும் வோல்ட் அழுத்தம் இருந்துகொண்டுதான் இருக்கிறது. டெஸ்டர் அளந்து காட்டுவது அந்த அழுத்தத்தைத்தான். அதற்குள் இருக்கும் பெருந்தடை வழியாகவும் உங்கள் உடம்பு வழியாகவும் மிகமிகச் சிறிய மின்னோட்டம் தரைக்குப் போவதால் நியான் எரிகிறது. நியூட்ரல் இருக்கிறதா இல்லையா என்பதை அது கேட்பதே இல்லை.

எங்கள் வீட்டில் ஓர் ஐப்பசி மழைக்காலத்தில் இது நடந்தது. தார்சாவில் உள்ள சாக்கெட்டுகள் வேலை செய்தன. பட்டாசாலையிலும் அடுக்களையிலும் உள்ளவை செய்யவில்லை. அடுக்களைச் சாக்கெட்டில் டெஸ்டரை வைத்தபோது வலப்பக்கத் துளையில் எரிந்தது. அது சரி, நமக்கு நேராகப் பார்க்கையில் வலப்பக்கம்தான் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல், மேலே உள்ள பெரிய துளை எர்த். ஆனால் இடப்பக்கத் துளையிலும் அதே பளிச்சென்று எரிந்தது. இரண்டு பக்கமும் கரண்டு வருகிறதே, அப்படியானால் இன்னும் அதிகமாக அல்லவா ஓட வேண்டும் என்று என் மதினி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மாலையில் வந்த எலக்ட்ரீசியன் அண்ணாச்சி பதில் சொன்னார்: “டெஸ்டர் எரிஞ்சா கரண்டு வந்துட்டுன்னுதான் அர்த்தம். திரும்பிப் போவுதான்னு அதுக்குத் தெரியாதுல்லா?” சொல்லிவிட்டு, அதே கிளையில் ஆன் செய்தபடியே இருந்த பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார், இடப்பக்கத் துளையில் எரிந்துகொண்டிருந்த டெஸ்டர் அணைந்துவிட்டது.

நடந்தது இதுதான். நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. பேஸ் வயரில் வந்த அழுத்தம் பிரிட்ஜுக்குள் புகுந்து அதன் மறுமுனையில் நியூட்ரல் வயரை அடைகிறது. அங்கிருந்து திரும்பிப் போக வழி இல்லாததால், அறுந்த இடம் வரைக்கும் உள்ள நியூட்ரல் வயர் முழுவதும் பேஸைப் போலவே ஆகிவிடுகிறது. இரண்டு துளைகளிலும் சம அழுத்தம் இருப்பதால் இடையில் ஓட்டம் இல்லை. இது ஒரு நல்ல அடையாளம். அதே நேரம் ஆபத்தான நிலையும்கூட, ஏனென்றால் நியூட்ரலான கறுப்பு வயரைத் தொட்டால் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை இங்கே பொய்த்துவிடுகிறது. போர்டில் சிவப்பாக ஒளிரும் சிறிய இண்டிகேட்டரும் இந்த இடத்தில் உதவும். அது வழக்கமாகப் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் இணைக்கப்படுவதால், இரண்டும் வந்தால்தான் எரியும். டெஸ்டர் எரிந்து இண்டிகேட்டர் எரியாவிட்டால் நியூட்ரலைச் சந்தேகிக்கலாம்.

அண்ணாச்சி மெயினை அணைத்துவிட்டுக் கழற்றியது அடுக்களைப் போர்டை அல்ல, வேலை செய்துகொண்டிருந்த தார்சாப் போர்டை. எனக்கு அது வியப்பாக இருந்தது. ஆனால் பட்டாசாலைக்குப் போகும் நியூட்ரல் அங்கிருந்துதானே லூப் எடுக்கப்பட்டிருக்கிறது. கடைசியாக வேலை செய்யும் போர்டுக்கும் முதலில் செத்த போர்டுக்கும் இடையில்தானே எல்லை. உள்ளே, ஒரே திருகின் கீழ் இரண்டு கறுப்பு வயர்கள் இருந்தன. ஒன்றின் நுனி கரியாகி, உறை அரை விரற்கடைக்கு உருகி, தொட்டவுடன் வெளியே வந்துவிட்டது. அடுக்களை முழுவதற்குமான திரும்பு மின்னோட்டம் அந்தத் திருகின் வழியாகத்தான் ஆண்டுக்கணக்கில் போயிருக்கிறது. சூடேறும்போது உலோகம் விரிவதும் ஆறும்போது சுருங்குவதுமாகத் திருகு சிறிது சிறிதாகத் தளர, தளர்ந்த இடத்தில் தடை கூடி இன்னும் சூடேற, ஒரு நாள் தொடர்பு விட்டுப்போயிற்று. கரிந்த நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, புது இணைப்பானில் இறுக்கினார். பத்து நிமிட வேலை.

இப்படிப்பட்ட நேரத்தில் சிலர் செய்யும் ஒரு குறுக்கு வழியை இங்கே கண்டிக்க வேண்டும்: நியூட்ரல் போனால் எர்த் வயரை எடுத்து நியூட்ரல் இருந்த இடத்தில் கொடுத்துவிடுவது. மிக்ஸி ஓடும், ஆனால் எர்த் கம்பி எங்காவது விட்டுப்போனால், அதோடு சேர்ந்திருக்கும் பிரிட்ஜின் உடல், கிரைண்டரின் உடல், மோட்டாரின் உடல் எல்லாவற்றிலும் மின்சாரம் ஏறி நிற்கும். ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் இந்த வித்தை பலிக்காது, உடனே விழுந்துவிடும். இல்லாத வீட்டில்தான் பலிக்கிறது, ஆபத்தும் அங்கேதான். மண் நன்றாக வறண்டுபோகும் செம்மணல் தேரிப் பகுதிகளில் எர்த் குழியே சரியாக வேலை செய்யாத கோடையில் இது இன்னும் மோசம்.

டெஸ்டரைப் பற்றி இன்னும் சில வார்த்தைகள். முற்றத்து வெயிலில் அதன் ஒளி தெரியாது. கையால் நிழல் கட்டிப் பார்க்க வேண்டும். மூடிதட்டு உள்ள புதுவகைச் சாக்கெட்டுகளில் டெஸ்டர் உள்ளேயே போகாது. அதை மின்சாரம் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, குத்தித் திறக்கவும் முயலக் கூடாது. அறுந்துபோன பேஸ் வயரில்கூடப் பக்கத்தில் ஓடும் வயரின் தாக்கத்தால் மங்கலாக எரியலாம். ஆகவே டெஸ்டர் எரிவதும் எரியாததும் முழுச் சான்று அல்ல; எரியவில்லை என்பதை மட்டும் நம்பி எந்த வயரையும் தொடக் கூடாது. எலக்ட்ரீசியன்கள் அதே டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து, அது எரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த இடத்தில் வைப்பார்கள்.

ஒரே ஒரு சாக்கெட் மட்டும் போயிருந்தால் காரணம் பெரும்பாலும் அற்பமானது: சுவிட்சின் உள் தொடர்பு தேய்ந்திருக்கும், அல்லது சாக்கெட்டின் இதழ்கள் அகன்று பிளக்கின் ஊசியைப் பிடிக்காமல் விட்டிருக்கும். பிளக்கைச் சற்றுச் சாய்த்தால் ஓடுகிறது என்றால் இதழ்கள்தான். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் பித்தளை பச்சை பூத்துப்போவதும், உள்நாட்டில் எறும்புகள் போர்டுக்குள் மண் சேர்த்துக் கூடு கட்டுவதும் வழக்கமான காரணங்கள்.

மும்முனை இணைப்பு உள்ள வீடுகளில் ஒரு பேஸ் மட்டும் போய்விட்டால், அந்தப் பேஸில் இருக்கும் அறைகளில் விளக்கு, சாக்கெட் எல்லாம் ஒன்றாக நின்றுவிடும், மற்றவை ஓடும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருந்தால் அடுத்த பேஸுக்கு மாற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் சில விளக்குகள் கண் கூசுமளவு பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் மெயினை அணையுங்கள். அது பொது நியூட்ரல் விட்டுப்போனதன் அடையாளம். 230 வோல்ட் சாமான்களுக்கு அதைவிட மிக அதிகமான வோல்ட் போய்க்கொண்டிருக்கலாம். இதுவும், சர்வீஸ் வயரில் பொறி பறப்பதும், மீட்டர் முகப்பு இருண்டு கிடப்பதும் மின்வாரியம் பார்க்க வேண்டியவை. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் சொல்லலாம். மீட்டரின் முத்திரையை நாம் தொடுவதற்கில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை மீறியபோது, ஆற்றோரத் தெருக்களில் தரையையொட்டி வைத்த சாக்கெட்டுகள் தண்ணீரில் மூழ்கின. அப்படி மூழ்கிய சாக்கெட் வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும், சுவருக்குள் இருக்கும் குழாயிலும் பெட்டியிலும் சேறும் ஈரமும் தங்கியிருக்கும். வெயிலில் நான்கு நாள் காயவிட்டோம் என்பது போதிய சான்று அல்ல. எலக்ட்ரீசியன் மெக்கர் கருவியை வைத்து, 500 வோல்ட் கொடுத்து வயரின் காப்புத்தடையை அளப்பார். அது 1 மெகா ஓமுக்குக் குறையாமல் இருந்த பிறகே மெயினை ஏற்ற வேண்டும்.

எலக்ட்ரீசியனைக் கூப்பிடும் கட்டம் வரும்போது, “பிளக்குல கரண்டு வரல” என்பதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “தார்சாவுல வேலை செய்யுது, பட்டாசாலையிலயும் அடுக்களையிலயும் இல்ல; எம்.சி.பி. எதுவும் விழல, டெஸ்டர் ரெண்டு துளையிலயும் எரியுது, பிரிட்ஜப் பிடுங்குனா ஒரு துளையில அணஞ்சிருது.” இதைக் கேட்டவர் எந்தப் போர்டை முதலில் கழற்றுவது என்று வண்டியை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்திருப்பார்.